மூன்றாவது தடவை கூப்பிட்டால்

கம்பத்துச் சங்கிலிக்கு வாய் ரொம்பத் தாராளம். கை அப்படியில்லை என்று அவன் தம்பிமார் சொல்வார்கள்; அது வேறு கதை. டீக்கடைக்கு நடந்தால் எதிரில் வருகிறவனை, "வாங்க, ஒரு டீ குடிப்பம்" என்பான். சின்னமனூருக்கு மகளைப் பார்க்கக் கிளம்பினால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவனிடம், "நம்ம மக வீடுதான், வந்துட்டுப் போங்களேன்" என்பான். பல் பிடுங்கத் தேனிக்குப் போன அன்றுகூடத் தெருவில் சும்மா நின்ற ரெண்டு பேரை, "போயிட்டு வருவமா?" என்று கூப்பிட்டிருக்கிறான். பல் பிடுங்குவதற்கு எவனாவது கூட வருவானா? ஆனாலும் கூப்பிட்டான்.

யாரும் வந்ததில்லை. வரவும் மாட்டார்கள். கூப்பிடுவதற்கென்று அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. முதல் தடவை கூப்பிடுவது மரியாதைக்கு. "இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிடுவது பிரியத்துக்கு. அப்போது ஒரு காரணம் சொல்ல வேண்டும். முழங்கால் வலி என்றோ, வீட்டுக்கு விருந்தாள் வருகிறது என்றோ, தோட்டத்துக்குத் தண்ணீர் முறை என்றோ ஏதாவது ஒன்று. அதையும் கேட்டுவிட்டு ஒருவன் மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது நிஜம். பிறகும் போகாமல் இருந்தால் பகைதான். இதையெல்லாம் யாரும் எழுதி ஒட்டவில்லை. பால் மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். சங்கிலிக்கும் தெரியும். நாற்பத்தைந்து வயசுக்குள் ஒரு நாளும் அவன் இரண்டைத் தாண்டியதில்லை.

அப்பேர்ப்பட்டவன் ஒரு தடவை தாண்டினான். அதுவும் எந்தப் பயணத்துக்கு? அவன் பெண்டாட்டி மாயக்காள் இருபத்து மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய பயணத்துக்கு.

மாயக்காள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பதினான்கு பேருக்குக் குறைந்து உலை வைத்ததில்லை. மாமனார், இரண்டு கொழுந்தன்மார், அவர்கள் பெண்டாட்டிமார், பிள்ளைகள். காய் வெட்டுகிற காலத்தில் கூலியாட்கள் வேறு. சங்கிலி பாதி நாள் திராட்சைத் தோட்டத்திலேயே படுத்துக்கொள்வான். புருஷன் பெண்டாட்டி பேச்சு என்பது, "மருந்தடிக்க ஆள் வந்தாச்சா?" "வந்தாச்சு." "கஞ்சி குடுத்தாச்சா?" "குடுத்தாச்சு." இவ்வளவுதான். இந்தப் பேச்சை வைத்துக்கொண்டே ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கட்டியும் கொடுத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளை அனுப்பிவைத்த மறு மாதம். காய் வெட்டி முடிந்திருந்தது, கொடி கழிக்கிற கவாத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. மாயக்காள் சோற்றுத் தட்டைப் புருஷன் முன்னால் வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"எனக்குக் கடலப் பாக்கணும்."

"பாத்தாப் போச்சு."

"ராமேஸ்வரம் போகணும். வேண்டுதலு கீண்டுதலுன்னு ஒண்ணும் இல்ல, சும்மா சுத்திப் பாக்கணும். அஞ்சு நாளைக்கு. நீங்களும் நானும் மட்டும்."

சங்கிலி எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தான். "மட்டும்னா?"

"மட்டும்னா மட்டுந்தான். ஒங்க தம்பி வேண்டாம், தம்பி பிள்ளைக வேண்டாம், ஒரு ஈ காக்கா வேண்டாம்."

அவன் சரி என்று தலையாட்டினான். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் மாயக்காள் ரசத்துக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். வீட்டில் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டியோடு தெருவில் இறங்கியதுமே சங்கிலியின் வாய் ஆரம்பித்துவிட்டது. தம்பியைக் கூப்பிட்டான். தம்பி முறைப்படி மறுத்தான். பலசரக்குக் கடை சாராளைக் கூப்பிட்டான். "நல்லா கூப்பிட்டீக, சர்ச்சுக்குப் போற வேதக்காரிக்கு ராமேஸ்வரத்துல என்னண்ணே சோலி?" என்று அவளும் முறைப்படி மறுத்தாள். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடிப்பதும் விடுவதுமாக மாயக்காள் பின்னால் நடந்தாள். தெரு முனையில் சங்கிலியின் அக்கா முத்துப்பேச்சி வீடு. இதைத் தாண்டிவிட்டால் பஸ் ஸ்டாண்டுதான்.

முத்துப்பேச்சி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், ஆள் நல்ல வாட்டசாட்டம். தாயில்லாத தம்பிகளை இடுப்பில் சுமந்து ஆளாக்கியவள் என்பதால் அந்தத் தெருவில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"அக்கா, ராமேஸ்வரம் போறோம். நீயும் வாயேன்."

"நீங்க போயிட்டு வாங்கடா. நான் அங்கன வந்து என்ன செய்யப் போறேன்?"

"சும்மா வாக்கா. ரயில்ல போறது, காத்தாட இருக்கும்."

"மாடு சினையா நிக்குதுடா. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. ஒங்க மச்சானை நம்பி விட்டுட்டு வர முடியுமா? கன்னு போட்டாத் தலையப் பிடிக்கவா காலைப் பிடிக்கவான்னு முழிப்பாக."

அருமையான காரணம். இரண்டாவது மறுப்புக்கு இதைவிட நல்லதாக ஒன்று யாருக்கும் அமையாது. மாயக்காள் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டாள். சங்கிலி நகரவில்லை. பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தான், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான், உதட்டை நனைத்துக்கொண்டான்.

"வந்துரு அக்கா. ஒன்னய விட்டுட்டுப் போக எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

போச்சு! முத்துப்பேச்சி தவிட்டுக் கையோடு நிமிர்ந்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள், மாயக்காள் முகத்தைப் பார்த்தாள், மறுபடி தம்பி முகத்தைப் பார்த்தாள். பிறகு வாளியில் கையை அலசிக்கொண்டே, "நில்லுங்க, ரெண்டு சேலையச் சுருட்டிட்டு வாரேன்" என்றாள். உள்ளே திரும்பி, "இந்தாங்க, மாட்டப் பாத்துக்கங்க" என்று புருஷன் தவசிக்கு ஒரு சத்தம். அவர் பாவம், என்ன ஏது என்று வெளியே வருவதற்குள் மூன்று பேரும் தெருவைத் தாண்டிவிட்டார்கள்.

மாயக்காளுக்கு அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைக்கலாம் போல் இருந்தது. கட்டின புருஷனை நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது. ரெண்டையும் நடுத்தெருவில் செய்ய முடியாதே. பேசாமல் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட். மாயக்காள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சங்கிலி பக்கத்தில் உட்காரப் போனான். "நீ அங்கிட்டு நகரு" என்று முத்துப்பேச்சி நடுவில் வந்து அமர்ந்தாள். தேனியில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அவர்கள் திராட்சைக்கு மண்டிக்காரரான வைகுண்டராஜ் கையில் பேப்பரோடு ஜன்னல் பக்கம் வந்தார்.

"குடும்பத்தோட எங்கன கெளம்பிட்டீக?"

"ராமேஸ்வரம் போறோம். நீங்களும் வாங்களேன் மொதலாளி" என்றான் சங்கிலி.

"இருக்கட்டும் இருக்கட்டும்."

"ரயிலு வேண்டாம்னா மண்டபம் வரைக்கும் ஒங்க காரையாவது எடுத்துட்டு வாங்க."

"சரக்கு வர்ற நேரம் சங்கிலி, மண்டியை விட்டு நகர முடியாது."

சங்கிலி மறுபடி வாயைத் திறந்தான். மாயக்காள் நாத்தனார் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு அவன் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். திறந்த வாய் "ஆவ்" என்று மூடிக்கொண்டது. "என்ன, இன்னொரு பல்லுமா?" என்று விசாரித்துவிட்டு வைகுண்டராஜ் போய்விட்டார்.

ஆண்டிபட்டிக்குக் கொஞ்சம் முன்னால் வைகை அணைக்குப் பிரிகிற ரோட்டில் ஒரு கூட்டம் இறங்கியது. முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள். "இந்த அணையிலயுந்தான் கண்ணுக்கெட்டின மட்டும் தண்ணி கெடக்கு. பார்க்கு இருக்கு. மத்தியானத்துக்குள்ள பாத்துட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வீடு போய்ச் சேந்துரலாம். என்ன சொல்றீக?" மாயக்காள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சங்கிலி டிக்கெட்டை எடுத்துப் பார்த்தான். முத்துப்பேச்சி பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டாள்.

மதுரையில் ரயிலுக்கு மாறி, வெயில் தணிகிற நேரத்துக்குப் பாம்பன் பாலம் வந்தது. இதற்காகத்தானே மாயக்காள் இத்தனை வருஷம் காத்திருந்தாள்! ரயில் மெதுவாக ஊர்ந்தது. கீழே தரையே இல்லை, ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நீலம், காற்று வந்து முகத்தில் அறைந்தது. உப்பு நாக்குக்கே வந்துவிட்டது. "ஆத்தாடி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தால் நடுவில் முத்துப்பேச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு, இந்தக் கையில் தம்பியையும் அந்தக் கையில் மாயக்காளையும் நசுக்கிக்கொண்டிருக்கிறாள். பாலம் முடிகிற வரை விடவில்லை. மாயக்காளின் கண்ணாடி வளையலில் ஒன்று போயிற்று.

கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தத் தீவு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறந்ததிலிருந்து மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் மலை என்று வளர்ந்தவளுக்கு, எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் தரை வரைக்கும் இறங்கி நிற்பதைப் பார்க்க முதல் நாள் தலை சுற்றியது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. அவசரமே இல்லாத ஊர். ஆடி அசைந்து எழுந்து, கடற்கரையில் காலை நனைத்து, குதிரை வண்டி பிடித்துக் கிளம்பினார்கள். கோவில் பிரகாரத்தின் ஒரு கோடியில் நின்று மறு கோடியைப் பார்த்து வாய் பிளந்தார்கள். மிதக்கிற கல்லைப் பார்த்தார்கள். "இத நம்ம கெணத்துல போட்டா ஒவ்வொரு தடவையும் வாளியில வந்து முட்டும்" என்றாள் முத்துப்பேச்சி. பாம்பனில் படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நண்டுக் குழம்பு சாப்பிட்டார்கள். கம்பத்தில் நண்டு என்றால் வயல் நண்டு, விரல் தண்டிக்கு இருக்கும். இங்கே ஒரு காலே கட்டை விரலுக்கு மேல் இருந்தது. சங்கிலி அதை உடைக்கத் தெரியாமல் உடைத்து எதிரில் சாப்பிட்டவர் சட்டையில் நண்டின் ஓட்டைத் தெறிக்கவிட்டு, மன்னிப்புக் கேட்கிற சாக்கில் அவரையும் கம்பத்துக்குக் கூப்பிட்டான்.

எல்லாம் சரிதான். ஆனால் எங்கே போனாலும் நடுவில் முத்துப்பேச்சி. குதிரை வண்டியில் நடுவில், மணலில் நடுவில், சாப்பாட்டு பெஞ்சில் நடுவில். சத்திரத்தில் கிடைத்தது ஒரே அறை. அங்கேயும் பாயை நடுவில்தான் விரித்தாள். மாயக்காள் புருஷனிடம், "அந்தப் படகப் பாத்தீகளா?" என்று ஆரம்பித்தால் போதும், அவள் காது நிமிர்ந்துவிடும். "படகு கெடக்கட்டும். ஜெயமங்கலத்துல எங்க சின்னத்தா மக கல்யாணத்துல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஒரு கதையை எடுத்துப் போடுவாள். கதை முடியும்போது படகு போயிருக்கும். ஒரு தடவை சங்கிலி தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டான். "கண்ணு எங்க இருக்கு ஒங்களுக்கு?" என்று மாயக்காள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "விடு தாயி, விடு. ஊரு சுத்த வந்த எடத்துல எதுக்கு அதெல்லாம்" என்று முத்துப்பேச்சி பாய்ந்து வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். எதுக்கு எதெல்லாம்? மாயக்காளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயிறு எரிந்தது.

வியாழக்கிழமை ராமர் பாதத்துக்குப் போனார்கள். மலை என்று சொன்னார்கள். கம்பத்துக்காரர்களுக்கு அது ஒரு மண்மேடு. ஆனால் மேலே ஏறி நின்றால் தீவு முழுக்கத் தெரிந்தது. கிழக்குப் பக்கம் தரை ஒடுங்கி ஒடுங்கி, ரெண்டு கடலுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடாகப் போய்க்கொண்டிருந்தது.

"அது எது?" என்று வண்டிக்காரரிடம் மாயக்காள் கேட்டாள்.

"தனுஷ்கோடிம்மா. புயல் கொண்டுபோய்ப் பதினாறு வருஷம் ஆச்சு. இப்ப மீன் பிடிக்கிறவங்க மட்டுந்தான். மீன் லாரியில பாதி தூரம் போயி, மிச்சத்த மணல்ல நடக்கணும். ஒரு பக்கம் கடல் தூங்கும், மறு பக்கம் ஆடும்."

அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே மாயக்காள் விரல்விட்டு எண்ணினாள். நாளை ஒரு நாள்தான் பாக்கி. சனிக்கிழமை ரயிலேறினால் மறுபடி பதினான்கு பேருக்கு உலை. அதற்குப் பிறகு யார் எங்கே போகப் போகிறார்கள்? கீழே இறங்கியதும் முத்துப்பேச்சி பனங்கிழங்குக்காரியிடம் பேரம் பேச நின்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் மாயக்காள் புருஷனை வண்டிக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நாளைக்கு அங்கன போறோம். நீங்களும் நானும்."

"அக்காகிட்டச் சொல்லிருவம்."

"சொல்லத்தான் போறீக. வர வேண்டாம்னு சொல்லப் போறீக."

சங்கிலிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்காவயா? அதெப்படிச் சொல்றது?"

"எப்படிக் கூப்பிட்டீகளோ அப்படி. ஊரையெல்லாம் கூப்பிட்டீகளே, மண்டிக்காரரக் கூப்பிட்டீக, நண்டு தின்னவரக் கூப்பிட்டீக, என்னய எதுக்காச்சும் ஒரு நாளு கூப்பிட்டிருக்கீகளா? இதுக்குக்கூட நான்தான ஒங்களக் கூப்பிட்டேன்! நாளைக்குக் காலையில நீங்க சொல்லல, நான் தனியா ரயிலேறி ஊருக்குப் போயிருவேன். மாயக்காளு சொன்னாச் செய்வா."

அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். குரல் உடைந்துவிட்டது. சங்கிலி குதிரையின் காதைத் தடவிக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் முத்துப்பேச்சி சத்திரத்து முற்றத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாயக்காள் அறைக்குள் தலை பின்னுகிற பாவனையில் கதவுக்குப் பின்னால் நின்றாள். சங்கிலி வெளியே போய் அக்காவுக்கு எதிரில் குத்த வைத்து உட்கார்ந்தான்.

"அக்கா."

"என்னடா?"

"இன்னிக்கு வெயிலு சாஸ்தியா அடிக்கும் போல."

"அடிக்கட்டும்."

"தனுஷ்கோடிக்கு மணல்ல நடக்கணுமாம். ஒனக்கு முழங்காலு..."

"என் முழங்காலுக்கென்ன? நேத்து மலையே ஏறிச்சு."

"மீன் லாரி நாறுமாம்."

"மீன் லாரி மல்லிகைப்பூ மணக்குமா? நீ என்னடா சொல்ல வர்ற?"

சங்கிலி எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பாலத்தில் அக்கா மூடிய அதே மாதிரி இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சு விடாமல் சொன்னான். "அக்கா, நீ வர வேண்டாம். நானும் மாயக்காளும் மட்டும் போறோம்."

முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரெண்டு பொம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் மாயக்காளுக்குக் காது வரைக்கும் சுட்டது. இதைத்தான் கேட்டாள், இதற்குத்தான் அழுதாள். ஆனால் நாலு பேர் காதில் விழச் சொன்னதும் கூசிப் போயிற்று. மகளைக் கட்டிக்கொடுத்தவள் புருஷனோடு தனியாகப் போக ஆசைப்படுகிறாள் என்று இனிக் கம்பம் முழுக்கத் தெரிந்துவிடும். பின்னல் கையிலிருந்து அவிழ்ந்தது.

முத்துப்பேச்சி இட்லியைத் தட்டிலேயே வைத்தாள். "மட்டுமா?"

"மட்டுந்தான்."

"அங்கன போயி சண்டை போட மாட்டீகளே?"

சங்கிலி கண்ணைத் திறந்தான். "என்ன சண்டை?"

"என்ன சண்டையா? ஏலே, ஒங்க ரெண்டு பேருக்கும் சண்டை இல்லையா?"

"இல்லையேக்கா."

"அட பாவி மகனே!" முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள். "மூணு தடவ கூப்பிட்டயேடா! மாடு சினைன்னு சொன்ன பெறகும் கூப்பிட்டயேடா! பொண்டாட்டியோட தனியாப் போறதுக்கு இவன் இம்புட்டு நடுங்குறானே, அவளும் பின்னால மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறாளே, பெரிய வெட்டுக்குத்துப் போல, கடலுக்குக் கிடலுக்குப் போயி ஏதாச்சும் ஆயிறக் கூடாதுன்னு போட்டது போட்டபடி ஓடியாந்தேன்! நாலு நாளா நடுவுல உக்காந்து உக்காந்து எம் முதுகு ஒடிஞ்சுபோச்சு. நீங்க வாயத் தொறக்குறப்பல்லாம் ஒரு கதை சொல்லணும்னா நான் கதைக்கு எங்கடா போவேன்? ஜெயமங்கலத்துக் கல்யாணத்தயே நாலு தடவ சொல்லிட்டேன்!"

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம். மாயக்காள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச வந்தால் சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து முத்துப்பேச்சிக்கும் தொற்றிக்கொண்டது. ரெண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சங்கிலி மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்றான்.

"இத அங்கனயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் பாட்டுக்கு மாட்டப் பாத்திருப்பேன்" என்று முத்துப்பேச்சி சேலையைச் சுருட்ட ஆரம்பித்தாள். "சின்னமனூருக் கூட்டம் ஒண்ணு அடுத்த அறையில கெடக்கு. பத்தரை ரயிலுக்குத்தான் போறாக. அவுகளோட நான் போயிருவேன். ஒங்க மச்சான் என்ன பாடு படுறாகளோ."

ஸ்டேஷனில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். மாயக்காள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இருங்களேன் மதினி. நாளைக்கு எல்லாரும் சேந்தே போவம்" என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம். நீங்க இருந்துட்டு வாங்க."

மாயக்காளுக்கு மனசு கேட்கவில்லை. நாலு நாள் வயிறெரிந்ததற்கு எல்லாம் சேர்த்து இப்போது அவள்மேல் பிரியம் பொங்கியது. "நெசமாத்தான் சொல்றேன் மதினி, இருங்க."

முத்துப்பேச்சி சட்டென்று கையை வெளியே நீட்டி அவள் வாயைப் பொத்தினாள். "ரெண்டு ஆயிருச்சு தாயி. இன்னொரு தடவ கூப்பிட்டுறாத, நான் எறங்கிருவேன்!" ரயில் நகர்கிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

மீன் லாரியில் ஏறி, லாரி நின்ற இடத்திலிருந்து மணலில் நடந்து, வெயில் உச்சி சாய்கிற நேரத்துக்குத் தனுஷ்கோடி வந்தது. நாலு மணிக்குத் திரும்புவேன், அதற்குள் வந்து சேருங்கள் என்று லாரிக்காரர் சொல்லியிருந்தார். கூரை போன ஒரு வீட்டுச் சுவரின் நிழலில் உட்கார்ந்தார்கள். வண்டிக்காரர் சொன்னது நிஜம்தான். இந்தப் பக்கக் கடல் குளம் மாதிரி கிடந்தது, அந்தப் பக்கக் கடல் குதித்தது. கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு ஆள் இல்லை. நடுவிலும் ஆள் இல்லை. ரெண்டு பேரும் பேசவில்லை. லாரியில் பேசவில்லை, மணலில் பேசவில்லை, இங்கேயும் பேசவில்லை. சங்கிலி மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா சொன்னது பொய்யில்ல" என்றான் திடீரென்று.

"எது?"

"மூணாவது தடவ நான் வாய் தவறிக் கூப்பிடல. தெரிஞ்சேதான் கூப்பிட்டேன். அஞ்சு நாளு ஒன்கூடத் தனியா இருந்தா என்ன பேசுறதுன்னு பயந்துபோச்சு. ஒன்கிட்ட நான் என்னத்தப் பேசிருக்கேன்? மருந்து, கஞ்சி, தண்ணி. இத வச்சுக்கிட்டு எப்படி அஞ்சு நாளு ஓட்டுறது?"

மாயக்காளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரயில் போனதிலிருந்து அவளுக்குள்ளும் அதே பயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எதை ஆரம்பிப்பது, ஆரம்பித்தது சட்டென்று தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று லாரியில் வரும்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருஷம் கேட்டு வாங்கியது கைக்கு வந்த பிறகு இப்படி இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"எனக்குந்தான் பயமா இருக்கு" என்றாள்.

"ஒனக்குமா?"

"பின்ன?"

"அப்ப என்ன செய்றது?"

"தோட்டத்துத் தண்ணியப் பத்தியே பேசுங்க. தெரிஞ்சதுல ஆரம்பிப்பம்."

சங்கிலி சிரித்தான். "நம்ம கெணத்துக்குக் கரண்டு மோட்டாரு போட்ட புதுசுல நீ கஞ்சி கொண்டுவருவல்ல" என்றான். "வரப்புல வரும்போது பாட்டுப் பாடிக்கிட்டே வருவ. மோட்டாருச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்காது. அதனால ஒன்னய தூரத்துல கண்டதும் மோட்டார நிப்பாட்டிருவேன்."

"கரண்டு போச்சுன்னுல்ல சொல்வீக?"

"கேட்டா வேற என்னத்தச் சொல்ல?"

மாயக்காள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பல்லாம் கரண்டு போகலையா?"

"ஒரு நாளும் போகல."

"அடப் பாவி மனுசா! எத்தன நாளு கரண்டாபீசுக்காரன வாய் வலிக்கத் திட்டிருக்கேன்! அவன் குடும்பம் வெளங்குமான்னுகூடக் கேட்டுட்டேனே!" என்று அவன் தோளில் அடித்தாள். இன்னொரு அடி அடிக்க ஓங்கிய கையை இறக்கி அவன் தோளிலேயே வைத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டையும் துடைக்க ஒரே முந்தானைதான் இருந்தது. "என்ன பாட்டு பாடுனேன்?" என்று கேட்டாள். சங்கிலிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். நாலு மணிக்கு லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது, ரெண்டு பேருக்கும் காதில் விழவில்லை.